நாளைக்கு யாரு டூட்டி?

சிங்கப்பூரில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் சிறுவர் இல்லத்தில் பராமரிப்பாளராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்து, இப்போது ஓய்வில் இருப்பவள் நான். இல்லத்தின் பெயரையும் அங்கே வளர்ந்த பிள்ளைகளின் அடையாளத்தையும் இங்கு எழுதப் போவதில்லை. அவர்களில் பலர் இன்று வேலை பார்த்து, திருமணம் முடித்து, இதே ஊரில்தான் வாழ்கிறார்கள். தம் கதையை யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. நான் எழுத நினைப்பது அந்த வீட்டின் அன்றாடத்தைப் பற்றி. வெளியிலிருந்து வருகிறவர்கள் காண்பது பெரும்பாலும் பண்டிகை நாள்களை மட்டுமே. கிறிஸ்துமஸ் மரம், பரிசுப் பொட்டலங்கள், ஒரே நிறச் சட்டையில் வந்து பாட்டுப் பாடும் தொண்டூழியர்கள் என்று அந்த நாள்கள் மகிழ்ச்சியாகக் கழிந்துவிடும். பிள்ளை வளர்வதோ மற்ற நாள்களில். அந்த நாள்களில் அதற்கு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்படுவது, நேற்று எழுப்பிய அதே ஆள் இன்றும் வந்து எழுப்புவது. நான் அங்கே கற்ற பாடங்களில் இதற்கு ஈடான வேறொன்று இல்லை.

எங்கள் சபையின் மூத்தவர்கள் பலர் இன்றும் ‘அநாதை இல்லம்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் இன்றைய சிங்கப்பூரில் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். தந்தை சிறையில் இருப்பார்; தாய் மனநோயோடு போராடிக்கொண்டிருப்பார்; போதைப்பொருள் குடும்பத்தைச் சிதைத்திருக்கும்; பிள்ளையின் உடம்பில் அடிபட்ட தழும்பைப் பள்ளி ஆசிரியர் பார்த்திருப்பார்; அதுவரை தனியாளாக வளர்த்த பாட்டி பக்கவாதத்தில் விழுந்திருப்பார். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரித்து, உறவினர் வீடு, வளர்ப்புப் பெற்றோர் என்று ஒவ்வொரு வழியாகப் பார்த்து, எதுவும் பொருந்தி வராத நிலையில் பிள்ளை இல்லத்துக்கு வரும். பலருக்கு இளையர் நீதிமன்றத்தின் ஆணையும் இருக்கும். சிறுவர், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, 16 வயதுக்குட்பட்டோர் என்றிருந்த பாதுகாப்பு வரம்பு 18 வயதுக்குட்பட்டோர் என உயர்ந்தது. பதினாறு முடிந்த பிள்ளைக்கும் புகலிடம் வேண்டும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால், அந்தத் திருத்தம் எவ்வளவு அவசியமானது என்பதை என்னால் உணர முடிகிறது.

பெற்றோரை முற்றிலும் இழந்த பிள்ளைகளும் இருந்தார்கள். தாய் புற்றுநோயில் இறந்துபோக, தந்தை யாரென்றே தெரியாத நிலையில் வந்த ஒரு சிறுவன், அம்மாவின் பழைய கைப்பேசியைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். அதில் அவர் விட்டுச்சென்ற குரல் பதிவுகள் சில இருந்தன. கைப்பேசியின் மின்கலம் பழுதாகி வந்ததால், அதற்கு மின்னேற்றும் பொறுப்பு எங்கள் பணிப் பட்டியலில் ஓர் இனமாகவே சேர்க்கப்பட்டது. ஞாயிறு இரவுப் பணியில் இருப்பவர் அதைச் செய்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஒரு தொண்டூழியர் அந்தப் பதிவுகளை எல்லாம் வேறு இரண்டு இடங்களில் சேமித்துக் கொடுத்தார். அவன் அவற்றை அடிக்கடி கேட்டதில்லை. இருக்கின்றன என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளையின் நிலை வேறு. அது துக்கம் கொண்டாடவும் முடியாமல், வாசலைப் பார்ப்பதை விடவும் முடியாமல் இருக்கும். இவ்விரண்டு வகைப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார்கள். ஒருவருக்குச் சொல்லும் ஆறுதல் அடுத்தவரைப் புண்படுத்தக்கூடும் என்பதால், எங்களில் யாரும் எல்லாரும் கேட்கும்படி ஆறுதல் சொல்வதில்லை.

இந்த ஊரில் கிறிஸ்தவ இல்லங்களின் வரலாறு நீண்டது. விக்டோரியா ஸ்திரீட்டில் இன்று உணவகங்களும் திருமண விருந்துகளுமாக இருக்கும் சைம்ஸ் வளாகம், 1854இல் பிரான்ஸ் நாட்டுக் கன்னியர் வந்து நிறுவிய கான்வென்ட். பள்ளிக்கூடத்தோடு அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியையும் அவர்கள் தொடக்கத்திலேயே நடத்தினார்கள். அதன் மதிலில் ஒரு சிறு கதவு உண்டு. வறுமையின் காரணமாகவும், பெண்ணாய்ப் பிறந்த காரணத்துக்காகவும், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர்களிடையே நிலவிய நம்பிக்கையின் காரணமாகவும் பச்சிளங்குழந்தைகளைத் துணியில் சுற்றி அந்தக் கதவருகே விட்டுச் சென்றார்கள். நம்பிக்கையின் வாசல் என்று அதற்குப் பெயர் வந்தது. பள்ளி 1983இல் அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டது. கதவு இன்றும் இருக்கிறது. போருக்குப் பின் 1948இல் புக்கிட் தீமாவில் கத்தோலிக்கச் சகோதரர்கள் பாய்ஸ் டவுன் என்ற சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1910இல் இவ்வூர் மருத்துவப் பள்ளியில் தேறிய முதல் அணியைச் சேர்ந்தவரும் அபினுக்கு எதிராகப் போராடியவருமான டாக்டர் சென் சு லான் பெயரில் மெதடிஸ்ட் சிறுவர் இல்லம் 1968இல் உருவானது. கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்றுக் காப்பாற்றுவதில் தொடங்கிய அந்தப் பணி, குடும்பம் மீண்டும் ஒன்றுசேரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணியாக மெல்ல மாறியிருக்கிறது.

இல்லத்தின் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். எல்லாரையும் எழுப்புவதற்கு முன்பாகச் சில கட்டில்களை மட்டும் தனியே பார்த்துவிடுவேன். பயத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் ஒன்பது, பத்து வயதிலும் படுக்கையை நனைத்துவிடுவார்கள். அந்தக் கட்டில்களில் மெத்தைமேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் பருத்தி விரிப்பு, அதன்மேல் மறுபடியும் ரப்பர் விரிப்பும் பருத்தி விரிப்புமாக இரண்டு அடுக்காக விரித்திருப்போம். மேல் அடுக்கை உருவிச் சுருட்டி எடுத்தால் அடியில் உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சுருட்டிய விரிப்பைத் துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்தபின்தான் மற்றவர்களை எழுப்புவேன். “ஆன்ட்டி, யாரும் பார்க்கலைதானே?” என்று ஒரு சிறுவன் நாள்தோறும் காதோடு கேட்பான். “யாரும் பார்க்கலைப்பா, நீ போய்க் குளி” என்று நாள்தோறும் சொல்வேன். இதற்கென்று பயிற்சி வகுப்புகள் உண்டு, கையேடுகள் உண்டு. ஆனால் அவன் கேட்ட அந்தக் கேள்விக்கு, முந்தைய நாளும் பதில் சொன்ன ஆளே பதில் சொன்னால்தான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

அதன் பிறகு தலைவாரல். எங்கள் இல்லத்தில் சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் கலந்து இருந்தார்கள், பணியாளர்களும் அப்படியே. தமிழ்ப் பெண் பிள்ளைகளின் அடர்ந்த சுருள்முடியை எப்படிப் பராமரிப்பது என்று உடன் பணிபுரிந்த சீனப் பெண்மணிகளுக்குத் தொடக்கத்தில் தெரியாது. அது அவர்களின் குறையன்று. தொடக்கநிலை ஒன்றில் படித்த ஒரு சிறுமி வந்தபோது அவளுடைய தலைமுடி பின்கழுத்தில் சிக்குப் பிடித்து ஒரு கட்டியாகவே இறுகியிருந்தது. யார் கை தலைப்பக்கம் போனாலும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்வாள். முடியைப் பிடித்து இழுத்து அடித்த வீட்டிலிருந்து வந்தவள் என்பதைப் பிறகு சமூக ஊழியர் சொன்னார். முடியை ஒட்ட வெட்டிவிட்டால் வேலை எளிதாக முடியும் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். தேக்கா சந்தையிலிருந்து நல்ல தேங்காய் எண்ணெயும் அகலப்பல் சீப்பும் வாங்கி வந்தேன். முதல் சில நாள்கள் எண்ணெயை அவள் கையிலேயே ஊற்றி அவளையே தேய்க்கச் சொன்னேன். அடுத்து, சீப்பின் பிடியை அவளும் நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். அவள் கை நின்றால் என் கையும் நிற்கும். நுனியிலிருந்து மேல் நோக்கி, விரலிடைக்கு ஒரு கற்றையாக, சிக்கு முழுவதும் அவிழ்வதற்கு வாரக்கணக்கில் ஆனது. இரட்டைச் சடை பின்னி, பள்ளிச் சீருடைக்கேற்ற கறுப்பு நாடா கட்டி அவளை அனுப்பிய காலையில், பேருந்தில் ஏறும்வரை சடையின் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

பேன் வந்துவிட்டால் ஒருவருக்கு வந்தது அத்தனை பேருக்கும் வந்துவிடும் என்பதும், வெள்ளைக் காலணிகளை வெள்ளிக்கிழமையே துவைத்துவிடாவிட்டால் திங்கள்கிழமை மழையில் உலராது என்பதும் எந்தத் தாயும் அறிந்தவைதாம். வீட்டில் இல்லாதவை சில இங்குண்டு. மருந்துகள் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். பிள்ளையின் உடம்பில் எது எப்போது பட்ட காயம் என்ற கேள்வி நீதிமன்றம்வரை போகக்கூடிய இடம் அது. இந்த ஏட்டு வேலைகளைச் சலித்துக்கொண்ட புதுப் பணியாளர்களிடம் நான் சொல்வதுண்டு: நம் வீட்டில் அம்மாவின் நினைவில் இருப்பதெல்லாம் இங்கே இந்த ஏட்டில்தான் இருக்கும், அதனால் நன்றாக எழுதுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இல்லத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கவனிப்பது அவர்கள் சாப்பிடும் வேகத்தை. பசியில் விடப்பட்ட பிள்ளை, தட்டை முழங்கையால் வளைத்துக்கொண்டு, மெல்லாமல் விழுங்கும். சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒன்று கால்சட்டைப் பைக்குள் போகும். ஒருமுறை படுக்கையறையில் எறும்பு வரிசை போவதைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகளும், காய்ந்துபோன கோழித் துண்டு ஒன்றும், பொட்டலம் பிரிக்காத சாஸும் இருந்தன. இதைத் திருட்டு என்று கண்டிக்கும் இடமும் இருக்கக்கூடும். எங்கள் மேற்பார்வையாளர் மிக நல்லவர். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி வந்து, அதன்மேல் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி, பிஸ்கட்டும் ஆப்பிளும் வைத்து, கட்டிலுக்கு அருகிலேயே வைத்தார். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம், குறைந்தால் இரவில் நிரப்பப்படும். முதல் வாரத்தில் ஒவ்வோர் இரவும் டப்பா காலியாக இருந்தது. பிறகு பாதி காலியாக இருந்தது. பள்ளி விடுமுறை வருவதற்குள், அந்தப் பிஸ்கட்டைப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுப்பவளாக அவள் மாறியிருந்தாள். டப்பாவை நிரப்ப ஓரிரவுகூட யாரும் மறக்கவில்லை. பயம் போனதற்குப் பிஸ்கட்டைவிட அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மதிய உணவு பள்ளியில் முடிந்துவிடும். மாலையில் வீட்டுப்பாடம், துணைப்பாடம், விளையாட்டு, வாரத்தில் ஒரு நாள் மனநல ஆலோசகர். இவற்றை விரிக்கத் தேவையில்லை.

மாலை ஆறு மணிக்குமேல் பிள்ளைகள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பார்கள். “ஆன்ட்டி, நாளைக்கு யாரு டூட்டி?” சிறியவர்களும் கேட்பார்கள், உயர்நிலைப் பிள்ளைகளும் அலட்சியமாகக் கேட்பதுபோல் கேட்பார்கள். நாளைக்கு நான்தான் என்றால் சிலர் முகம் மலரும். வேறொருவர் என்றால் அவரைப் பிடித்த பிள்ளைகளின் முகம் மலரும். விடுப்பில் இருப்பவர் எப்போது திரும்புவார் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைப்பார்கள். வேலையை விட்டுப் போகும் ஒருவர், பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால், அதன் பலனை அடுத்த பல மாதங்களுக்கு மற்றவர்கள் அனுபவிக்க வேண்டியிருக்கும்: கதவை உதைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, புதிதாக வந்த பராமரிப்பாளரை ‘நீயும் போய்டுவே’ என்று முகத்துக்கு நேரே சொல்வது. சுழல்முறைப் பணி தவிர்க்க முடியாதது. ஒருவரே இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பராமரிப்பாளர் என்று பெயர் குறித்து, அந்தப் பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கும் பல் மருத்துவருக்கும் பிறந்தநாளுக்கும் அவரே போவது என்று எங்கள் இல்லத்தில் வைத்திருந்தோம். என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளின் காலணி அளவு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இது என் அனுபவத்தில் மட்டும் கண்ட ஒன்றன்று. ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், போருக்குப் பிறகு வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்கு 1951இல் அளித்த அறிக்கையில், உணவும் உடையும் சரியாகக் கிடைத்தாலும் தாயோ தாய்போன்ற ஒருவரோ தொடர்ந்து உடனிராத பிள்ளையின் மனவளர்ச்சி பாதிக்கப்படும் என்று வலியுறுத்தினார். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், அரசாங்க விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு பிரிவினரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனிலும் பிறரிடம் பற்றுக் கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குமுன் போனவர்களுக்கு அந்த நன்மை கூடுதலாக இருந்தது. 2009இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை ஏற்ற நெறிமுறைகளும் சின்னஞ்சிறு குழந்தைகளைக், குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களைக், குடும்பச் சூழலில் வளர்க்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரில் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956 முதலே நடந்து வருகிறது. ஒரு பிள்ளைக்கு நல்ல வளர்ப்புக் குடும்பம் கிடைக்குமானால், எங்கள் இல்லம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தக் குடும்பமே மேல் என்று, இல்லத்தில் வேலை பார்த்த நானே சொல்வேன். தமிழ் பேசும் வளர்ப்புக் குடும்பங்கள் இன்னும் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையும், பொறுமையும் இருப்பவர்கள் அமைச்சிடம் விசாரிக்கலாம்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சீமைக்காரர்களுக்கு டோனாவூரைப் பற்றித் தெரியாமல் இருக்காது. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற மற்றப் பிள்ளைகளுக்கும் அங்கே அடைக்கலம் கொடுத்தார். 1951இல் இறக்கும்வரை ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவரை எல்லாரும் அம்மா என்றே அழைத்தார்கள். சமயப் பரப்பைப் பற்றி அன்று நடந்த சர்ச்சைகள் ஒருபுறமிருக்க, என்னைப் பொறுத்தவரை டோனாவூரின் சிறப்பு அதன் அமைப்பில் இருக்கிறது. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வைக்காமல், சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிலும் சில பிள்ளைகளுக்கு ஓர் அக்காளைப் பொறுப்பாக வைத்தார்கள். ஊர்ப்பெண்களே அந்த அக்காள்மார். அவர்களில் பலர் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்கள். ஆய்வுகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, நம் மொழி பேசும் பெண்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; கிறிஸ்தவ இல்லம் என்றதும் இந்துக் குடும்பத்தினர் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் இல்லத்தில் சாப்பாட்டுக்குமுன் ஜெபம் உண்டு. இரவில் ஒரு பாட்டும் சிறு ஜெபமும் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு விரும்புகிறவர்கள் வருவார்கள். இந்துப் பிள்ளைகள் தீபாவளிக்குப் புத்தாடை உடுத்தினார்கள்; முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தபோது விடியலுக்குமுன் அவர்களுக்குச் சோறு சூடாக்கிக் கொடுக்க ஆள் இருந்தது; சமையலறையில் பன்றி இறைச்சி வாங்குவதில்லை. நான் விசுவாசி, என் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு வேலை பார்த்ததில்லை. ஆயினும் பெற்றோரையும் வீட்டையும் இழந்து வந்த பிள்ளையிடமிருந்து அதன் பாட்டி சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டையும் வாங்கிவிடுவது அன்பாகாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பிள்ளைக்காக இரவில் நான் ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வாரத்தில் மிகவும் கடினமான நாள் சனிக்கிழமை. நீதிமன்ற ஆணை அனுமதிக்கும் பெற்றோர் அன்று பார்க்க வருவார்கள். சில பிள்ளைகள் ஓரிரவு வீட்டுக்குப் போய் வருவார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தாய் பன்னிரண்டு வரை வராமல், தொலைபேசியையும் எடுக்காமல் இருக்கும்போது, பையை முதுகில் மாட்டியபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது? ‘வந்துவிடுவார்’ என்று சொல்லக் கூடாது. தாயைக் குறை சொல்லவும் கூடாது. எவ்வளவு துன்புறுத்தியிருந்தாலும் பிள்ளைக்கு அவர் தாய். “அம்மா இன்னும் வரலை. எப்போ வருவாங்கன்னு எனக்கும் தெரியலை. வர்ற வரைக்கும் நான் உன்கூட இருக்கேன். பையைக் கழட்டி வெச்சிட்டு மைலோ குடிக்கிறியா?” இதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சில சமயம் மைலோ குடிக்கும். சில சமயம் குவளை சுவரில் போய் மோதும். இரண்டுக்கும் ஆன்ட்டி அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபக்கம், குடித்துச் சீரழிந்த ஒரு தந்தை, மறுவாழ்வுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் பிரட்டல் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்து, இறுதியில் மகனை வீட்டுக்கு அழைத்துப் போனதையும் பார்த்திருக்கிறேன். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இனி, உதவ விரும்புகிறவர்களுக்கு. பிள்ளைகளைப் படம் எடுத்து வெளியிடாதீர்கள். நீதிமன்ற ஆணையின்கீழ் பராமரிக்கப்படும் பிள்ளையை அடையாளம் காட்டும் படமோ செய்தியோ வெளியிடுவதை இந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. தமிழ்நாட்டில் உள்ள இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு, திருமணநாள் சாப்பாடு என்று பணம் அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் அனுப்புவதற்குமுன், அந்த இல்லம் இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா, பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி அங்கே சேர்க்கப்பட்டவர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குமுன் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, காணொளியில் உங்கள் பேரன் பெயரைச் சொல்லி வாழ்த்தச் செய்யும் இல்லமாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறர் வீட்டுப் பிறந்தநாள்களுக்கெல்லாம் கைதட்டி, தன் பிறந்தநாள் எதுவென்றே தெரியாமல் வளரும் பிள்ளையின் மனத்தை நினைத்துப் பாருங்கள். அதே பணத்தை இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்பலாம். நல்ல பராமரிப்பாளர்கள் வேலையை விட்டுப் போவதற்குக் களைப்பும் குறைந்த சம்பளமும் பெரும் காரணங்கள். யாரும் அதற்கு நன்கொடை தர முன்வருவதில்லை.

உள்ளூரில் தொண்டூழியம் செய்ய வருகிறவர்களிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: குறைந்தது ஓராண்டு, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பிள்ளை. ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புதன்கிழமை மாலைகளில் வந்து, தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கு ஒரு பையனைத் தயார்செய்தார். முதல் மாதம் முழுவதும் அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவர் வந்தார், உட்கார்ந்தார், தினசரி படித்தார், விடைபெற்றுப் போனார். பிறகு ஒரு புதன்கிழமை, “சார், இந்த வார்த்தைக்கு எந்த ல?” என்று அவனே கேட்டான்.

பதினெட்டோ இருபத்தொன்றோ ஆகி இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைக்கு நாங்கள் ஒரு கோப்பைக் கொடுத்தனுப்புவோம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்புகள், சின்ன வயதுப் படங்கள், முதன்முதலில் விழுந்த பல்லைப் பற்றிய குறிப்பு என்று அதில் எல்லாம் இருக்கும். சில ஆண்டுகளுக்குமுன், இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண் மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்தாள். கருவுற்றிருந்தாள். சிறுவயதில் அம்மை போட்டிருந்ததா என்று தாதி கேட்கிறார், கோப்பு வீட்டில் இருக்கிறது, எனக்கு ஞாபகமில்லை, உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா ஆன்ட்டி என்றாள். “தொடக்கநிலை ரெண்டுல, ஜூன் லீவுல வந்துச்சு. உன்னோட சேர்த்து இன்னும் மூணு பேருக்கு. முதுகு முழுக்க இருந்துச்சு, கலமைன் தடவினா அழுவே” என்றேன். அவள் அதைத் தாதியிடம் அப்படியே ஆங்கிலத்தில் சொல்வது என் காதில் விழுந்தது. பிறகு, தடுப்பூசிகள், நீரிழிவு, பிரசவம் என்று தாதியின் படிவத்தில் இருந்த மற்றக் கேள்விகளையும் ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டாள். அவள் தாய்வழியில் யாருக்குச் சர்க்கரை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமைகளில் அவளுடைய பாட்டி வந்தபோது பேசிக்கொண்டிருந்ததில் அறிந்தது. தெரியாத இரண்டு கேள்விகளுக்கு, இல்லத்து அலுவலகத்தில் எந்த ஆண்டு ஏட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதைச் சொன்னேன்.